நான் மறைத்த சொல்

தோட்டத்தில் கிராணியாய் இருப்பவனுக்குக் கணக்குப் புத்தகம் ஒன்றே வேலை என்று வெளியார் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அவன் படித்துச் சொல்ல வேண்டும். சொக்சோ பாரத்தை அவன் நிரப்பித் தர வேண்டும். காப்புறுதிக்காரன் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பதன் பொருள் என்னவென்று அவன் விளக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் துணையாய்ப் போனால் டாக்டர் சொல்வதைத் தமிழாக்கித் தர வேண்டும். ஆங்கிலத்தில் பயின்றவன் என்ற ஒரே காரணத்தால் எங்கள் தோட்டத்து மக்கள் என் வாயை நம்புகிறார்கள். அந்த வாய் ஒரு முறை பொய் சொல்லிற்று. சொன்னது பிறரிடத்தன்று, என்னைத் தூக்கி வளர்த்த என் தமக்கையாரிடத்து.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. மண்பை நிரப்புவதும், களை பிடுங்குவதும், நீர்க்குழாயை இழுப்பதுமாய்ப் பதினெட்டு ஆண்டு உழைத்த உடம்பு. 2022ஆம் ஆண்டின் நடுவில் இடது தொடையின் உட்புறத்தில் ஒரு தடிப்புக் கண்டது. வலியில்லை, காய்ச்சலில்லை. வலியில்லாத ஒன்றை நோயென்று கருதுவது உழைப்பாளிகளின் வழக்கமன்று. அன்றியும் அது இருந்த இடம் அத்தகையது. கைலிக்குள் மறைந்திருக்கும் ஓர் உறுப்பைப் பற்றிக் கணவனிடத்தும் வாய் திறவாத பெண்களை நாம் அடக்கமுடையவர்கள் என்று புகழ்ந்து வந்திருக்கிறோம் அல்லவா? அந்தப் புகழுக்கு என் தமக்கையார் ஒன்பது மாதத்தை விலையாகக் கொடுத்தார். இடையில், பக்கத்து வீட்டுக் கிழவியார் எண்ணெய் காய்ச்சி உருவி விட்டார். வேறொருத்தி எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டு வந்தாள். கட்டியோ எலுமிச்சையைத் தாண்டி வளர்ந்து கொண்டிருந்தது.

இவ்விடத்தில் வாசக அன்பர்கள், நான் மூட நம்பிக்கையைச் சாடப் போகிறேன் என்று எதிர்பார்ப்பர். சாட வேண்டியதுதான். ஆனால் முதற் குற்றவாளியை விட்டுவிட்டு இரண்டாம் குற்றவாளியைக் கூண்டிலேற்றுவது முறையாகாது. தமக்கையார் முடிவில் வெட்கத்தை விட்டு என்னிடம் சொன்னபோது நான் என்ன செய்தேன்? கைப்பேசியை எடுத்தேன், ஆங்கிலத்தில் தேடினேன், கால் மணி நேரத்தில் முடிவு கட்டினேன். “கொழுப்புக் கட்டி, அக்கா. நூற்றில் தொண்ணூற்றொன்பது அதுதான். டவுனில் ஒரு கிளினிக்கில் எடுத்துவிடுவார்கள்” என்றேன். நான் சொன்ன கணக்கில் பிழையில்லை. தோலுக்கடியில் தோன்றும் மென்கட்டிகளில் தீங்கற்றவை நூறு என்றால் தீயது ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றை மற்ற நூற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்ற அடுத்த பக்கத்தை நான் படிக்கவில்லை. எலுமிச்சம்பழக்காரிக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு மொழி ஒன்றுதான்.

கிளினிக்கு டாக்டர் நல்ல மனிதர். அவரைக் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை. குறை இருந்தது என்பதை மட்டும் கூறாமலிருக்க இயலாது. படம் எடுக்கவில்லை. ஊசியால் சிறிது சதையெடுத்துச் சோதிக்கவில்லை. மரப்பூசி போட்டு, அரை மணி நேரத்தில் கட்டியைத் தோண்டி எடுத்துத் தையல் போட்டார். ஆழமாக இருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது என்றார். எடுத்ததைக் குப்பையில் போடாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாரே, அதற்கு நான் அவருக்குக் கடன்பட்டவன். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. கிளினிக்கு வாசலில் மோட்டார் சைக்கிளின்மேல் உட்கார்ந்தபடியே படித்தேன். உயர்தரச் சார்கோமா, எந்தத் திசுவைப் போல வளர்கிறது என்று வகைபிரிக்க இயலாதது, வெட்டிய ஓரங்கள் வரையிலும் புற்றணுக்கள் உள்ளன. ‘உயர்தரம்’ என்பது தேயிலைக்கும் துணிக்கும் நல்ல சொல். சதைக்குள் வளர்வதற்கு அது மிகக் கெட்ட சொல் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சார்கோமா என்பது சதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. நாம் அடிக்கடி கேள்விப்படும் மார்புப் புற்றும், குடற்புற்றும், நுரையீரற் புற்றும் உறுப்புகளின் உட்போர்வையிலும் சுரப்பிகளிலும் தோன்றுபவை. இதுவோ தசை, கொழுப்பு, நரம்பின் உறை, இரத்தக் குழாய், தசைநார் ஆகிய இவற்றின் குடும்பத்தில் தோன்றுவது. பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் நூற்றில் ஒன்று என்ற அளவே இருப்பினும், ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆதலின் ஒரு சாதாரண டாக்டர் தம் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ கண்டால் உண்டு. அணுக்கள் தம் தாய்த்திசுவின் சாயலை எவ்வளவு இழந்துவிட்டன, எவ்வளவு விரைவாய்ப் பிரிகின்றன, கட்டிக்குள் எவ்வளவு பகுதி செத்துக் கிடக்கிறது என்ற மூன்றையும் எண்ணிப் பார்த்து முதல், இரண்டாம், மூன்றாம் தரம் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் மூர்க்கமானது. அது இரத்தத்தின் வழியே பெரும்பாலும் நுரையீரலைத் தேடிப் போகும். ஆகவே தொடையில் நோய் என்றால் முதலில் மார்பையும் படம் எடுக்கிறார்கள்.

ஒன்றை நூற்றிலிருந்து பிரிக்கும் அந்த அடுத்த பக்கத்தில் என்ன இருந்தது? கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருத்தல். வளர்ந்து கொண்டே வருதல். தோலோடு நகராமல் ஆழத்தில் தசையைப் பற்றியிருத்தல். முன்பு எடுத்த இடத்திலேயே மறுபடி தோன்றுதல். இவற்றில் ஒன்று இருப்பினும் கத்தி வைக்குமுன் படம் எடுக்க வேண்டும். பிரிட்டனில் இந்நோய்க்கென இயங்கும் அறநிலையத்தார், கோல்ஃப் பந்தை அளவாகக் காட்டி மக்களுக்கு எடுத்துரைத்து வருகின்றனர். எங்கள் தோட்டத்தில் கோல்ஃப் பந்தைக் கையில் பிடித்தவர் துரை ஒருவரே. நாம் நடுத்தரக் கொய்யாக்காய் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஆர்.ஐ. படத்துக்குப் பிறகு, தடித்த ஊசியால் சிறு சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊசி எவ்வழியே நுழைய வேண்டும் என்பதையும் பின்னர் அறுக்கப்போகும் டாக்டரே குறித்தல் நலம். ஏனெனில் ஊசி சென்ற வழியையும் கட்டியோடு சேர்த்து அவர் எடுத்துவிட வேண்டியிருக்கும். முதற் கத்திதான் முக்கியமான கத்தி. என் தமக்கையாருக்கு அந்த முதற் கத்தி, என் கால் மணி நேர ஆராய்ச்சியின் பேரில், குருட்டாம்போக்கில் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். படங்கள் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாயிருந்தது. தொடையில் பழைய குழியைச் சுற்றி ஐயத்துக்கிடமான நிழல் இருந்தது. ரணசிகிச்சை டாக்டர் ஒரு பெண்மணி, அமைதியாய்ப் பேசுபவர். நான் உள்ளே நுழைந்ததும் ஆங்கிலத்தில் வணக்கம் கூறினேன். அவரும் ஆங்கிலத்திலேயே தொடங்கினார். தமக்கையார் நடுவில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் டாக்டர் பேசினார்; நான் இரண்டு நிமிடத்தில் மொழிபெயர்த்தேன்! ‘மூர்க்கமான புற்று’ என்று அவர் கூறியதை நான் ‘கொஞ்சம் பிடிவாதமான கட்டி’ என்றேன். ‘நுரையீரலுக்குப் பரவக்கூடும்’ என்றதை ‘நெஞ்சையும் சும்மா பார்த்து வைக்கிறார்கள்’ என்றேன். புற்று என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தான் என் தோளைப் பிடித்து, “சொல்லிவிடாதே, தாங்கமாட்டாள்” என்றார். நான் முன்னமே அதைத்தான் செய்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிரவு நாங்கள் இருவரும் ஆண்பிள்ளைகளாய் உட்கார்ந்து முடிவு செய்தோம். யாருடைய காலோ அவர் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பெண்ணடிமையைப் பற்றிப் பொங்கல் விழா மேடையில் நான் மூன்று முறை பேசியிருக்கிறேன் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

கதிர்ச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னர்த் தமக்கையார், “நான் போகப் போவதில்லை” என்றார். “மிச்சமிருப்பது சின்னக் கட்டி என்றாய். அதற்கு ஐந்து வாரம் எதற்கு? ஐந்து வாரம் பிரட்டுக்குப் போகாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் வீடு போகும். உன் அத்தான் ஓட்டுவது வெளியார் லாரி. தோட்டத்தில் இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. பிள்ளைக்கு அடுத்த ஆண்டு பரீட்சை. பிறகு பார்த்துக் கொள்ளலாம்.” எவ்வளவு ஒழுங்கான வாதம்! நான் கொடுத்த பொய்யான தொகைகளை வைத்துக்கொண்டு அவர் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தார். விடை தவறாக வந்தால் குற்றம் யாருடையது? கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை, அத்தான் வருமுன், அடுக்களைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். “அக்கா, அது புற்று” என்றுதான் தொடங்கினேன். அவர் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும்” என்றார். “எதனால் தெரியும்?” என்றேன். “நீ சின்ன வயதிலிருந்து பொய் சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவாய்.”

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கு ஈடாக நான் எந்தக் கல்லூரியிலும் கேள்வி கேட்டதில்லை. முதற் கேள்வி: எடுத்தாயிற்றே, இன்னும் ஏன் எடுக்க வேண்டும்? இதற்கு விடை எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. செம்பனைக்குக் கானோடெர்மா என்று ஒரு பூஞ்சை நோய் வரும். மரத்தின் அடியில் காளான் முளைத்து நமக்குத் தெரியும்போது உள்ளே தண்டு ஏற்கனவே அழுகியிருக்கும். மரத்தை மட்டும் வெட்டிப் போட்டால் மண்ணுக்குள் கிடக்கும் அடித்துண்டும் வேரும் அடுத்த கன்றுக்கு நோயைக் கொடுக்கும். ஆதலால் மறுநடவின்போது எந்திரத்தைக் கொண்டு, அடியையும் சுற்றியுள்ள வேர்த்திரளையும் ஆளிறங்கும் குழியாய்த் தோண்டி எடுக்கிறோம். “கிளினிக்கில் காளானைப் பிய்த்தார்கள், அக்கா, இனித்தான் குழி தோண்ட வேண்டும்” என்றேன். பழைய தழும்பையும், அதைச் சுற்றி நல்ல சதையில் ஒரு வரம்பையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்கவேண்டும். எடுத்த துண்டின் ஓரத்தில் புற்றணு இருக்கலாகாது. இதுதான் இந்நோயின் வைத்தியத்துக்கு அடிப்படை. மற்றவை யாவும் இதற்குத் துணை. உவமை முழுதும் பொருந்தாது என்பதையும் சொன்னேன்: மரத்துக்குப் பதிலாக வேறு மரம் வைக்கலாம்.

இரண்டாம் கேள்வி அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டது. “காலையே எடுத்துவிட்டால் வேரோடு போய்விடும் என்று உன் அத்தான் போனில் யாரிடமோ சொன்னார். அதுதான் நல்லதா?” பழைய காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் எண்ணினர். கைகால்களில் சார்கோமா என்றால் உறுப்பை வாங்கிவிடுவதே பெருவழக்காய் இருந்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் இதைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 1982இல் வெளிவந்தது. நோயாளிகள் நாற்பத்து மூவர். பதினாறு பேருக்கு உறுப்பை எடுத்தனர். இருபத்தேழு பேருக்குக் கட்டியை மட்டும் வரம்போடு எடுத்துக் கதிர் கொடுத்தனர். உறுப்பைக் காத்துக்கொண்டவர்களில் நால்வருக்கு அதே இடத்தில் நோய் திரும்பிற்று. மற்ற பிரிவில் ஒருவருக்குமில்லை. ஆயினும் உயிரோடிருந்தோர் கணக்கில் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. ஐந்தாண்டுக் கணக்கில் நூற்றுக்கு 88 ஒரு பக்கம், 83 மறுபக்கம். இவ்வளவு சிறிய கூட்டத்தில் அந்த ஐந்து, தற்செயலாகவும் வரக்கூடியதே. உயிரைக் கொண்டுபோவது தொடையில் திரும்பி வரும் நோயைவிட நுரையீரலுக்குப் போய்விட்ட நோயே என்பதால், காலை வெட்டுவது பெரும்பாலோர்க்குக் கூடுதல் ஆயுளைத் தருவதில்லை. முக்கிய நரம்பையும் இரத்தக் குழாயையும் கட்டி முற்றும் சூழ்ந்துகொண்டு, கால் இருந்தும் பயனில்லை என்ற நிலையில் இன்றும் எடுக்கத்தான் செய்கிறார்கள். தமக்கையாரின் கட்டி அவ்வாறில்லை. இதைக் கேட்டதும் அவர் தம் முழங்காலைக் கையால் ஒரு முறை தடவிக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாவது, கதிரை ஏன் முதலிலேயே கொடுக்க வேண்டும் என்பது. முன்னரும் கொடுக்கலாம், பின்னரும் கொடுக்கலாம். கனடாவில் 190 பேரிடத்து இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டனர். முன்னர் என்றால் இருபத்தைந்து வேளையில் 50 கிரே என்னும் அளவு போதும். பின்னர் என்றால் முப்பத்து மூன்று வேளையில் 66 கிரே வேண்டும், கதிர் படும் பரப்பும் பெரிது. ஆனால் முன்னர்க் கொடுத்தால் அறுத்த புண் ஆறுவதில் தொல்லை மிகும்: நூற்றுக்கு 35 பேருக்கு வந்தது, பின்னர்க் கொடுத்தவரில் 17 பேருக்குத்தான். புண்ணின் தொல்லை சில மாதத்தில் தீர்வது. அதிகக் கதிரால் கால் விறைத்து, சதை இறுகி, வீங்கிப் போவதோ ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. “மூன்று மாதம் புண்ணா, மூப்பு வரையில் விறைப்பா என்று கேட்கிறார்கள், அப்படித்தானே?” என்றார் தமக்கையார். டாக்டர் இருபது நிமிடத்தில் சொல்லி நான் இரண்டு நிமிடத்தில் கெடுத்ததை அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

மருந்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகையில்தான் எங்களுக்குள் பிணக்கு வந்தது. சார்கோமாவுக்கு இன்றும் முதன்மையான மருந்து, சிவந்த நிறமுடைய டாக்ஸோரூபிசின். இத்தாலி நாட்டில் ஒரு பழங்கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து வந்த குடும்பம் அது. அட்ரியாட்டிக் கடலின் பெயரால் அட்ரியாமைசின் என்றும் வழங்குவர். கட்டியைக் கொல்லும், அளவு மிகுந்தால் இருதயத்தையும் கெடுக்கும், ஆதலால் ஒருவர் வாழ்நாளில் இவ்வளவுதான் என்று வரையறை உண்டு. நோய் பரவிவிட்டவர்க்கு இம்மருந்தைக் கொடுப்பதில் கேள்வியில்லை. பரவாத நிலையில், எடுத்துவிட்ட கட்டிக்குக் காவலாக இதைக் கொடுப்பதால் ஆயுள் கூடுமா என்பதில்தான் டாக்டர்களிடையே வழக்கு. பதினான்கு சோதனைகளில் இருந்த 1,568 பேரின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து 1997இல் பார்த்தார்கள். நோய் திரும்புவது குறைந்தது. பத்தாண்டில் உயிரோடிருப்போர் நூற்றுக்கு நால்வர் கூடினர்; ஆனால் அந்த நான்கும் உறுதியென்று சொல்லத்தக்க பலம் கணக்கில் இல்லை. பின்னர் வந்த சோதனைகளில் சில, பெரிய, ஆழமான, மூன்றாம் தரக் கட்டிகளுக்கு இக்குடும்பத்து மருந்தொன்றையும் ஐஃபாஸ்ஃபமைடையும் சேர்த்து மூன்று சுற்று முன்னரே கொடுப்பதை ஆதரிக்கின்றன. எங்கள் டாக்டர், கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், இருபக்கத்தையும் கேட்டு நோயாளியே சொல்லட்டும் என்றிருந்தார். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

“நூறு பேருக்குக் கொடுத்தால் நாலு பேருக்கா? அதுவும் சந்தேகமா?” என்றார். ஆமென்றேன். “மற்ற தொண்ணூற்றாறு பேரும் வாந்தி எடுத்து, தலைமயிர் கொட்டி, வேலைக்குப் போகாமல் கிடப்பார்கள்.” அதற்கும் ஆமென்றேன். “எனக்கு வேண்டாம், தம்பி. கதிரும் கத்தியும் போதும்.” நான் வாதாடினேன். அந்த நால்வரில் நீங்கள் ஒருவராய் இருந்தால் என்ன என்று கேட்டேன். புதிய மருந்துகள் வருகின்றன, காலத்தைக் கடத்தினால் ஏதாவது கிடைக்கும் என்றும் சொன்னேன். அது வெறும் ஆசைப் பேச்சு. ஒலாராடுமாப் என்ற மருந்தை 2016இல் அமெரிக்காவில் அவசரமாய் அனுமதித்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின, பெரிய சோதனையில் அது பயனற்றது என்று 2019இல் தெளிவாகி, அந்நோயாளிகளுக்கு அதைத் தருவது நின்றுபோயிற்று. மறுபுறம், 2024இல் சைனோவியல் சார்கோமா என்ற ஒரு வகைக்கு, நோயாளியின் சொந்த இரத்த அணுக்களையே திருத்திப் படையாய் அனுப்பும் சிகிச்சை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் மற்ற மருந்துகளைப் பெற்ற பின்னர், குறிப்பிட்ட திசு வகைக்குறிகள் பொருந்தியவர்களுக்கு மட்டுமே. நம்பிக்கை மெய்யாவதும் உண்டு, பொய்யாவதும் உண்டு. எதையும் முன்கூட்டிக் கையில் எடுத்துக் காட்டி ஒருவரை இணங்கவைக்க எனக்கு உரிமையில்லை. பகுத்தறிந்து முடிவு செய்க என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் ஒருத்தி பகுத்தறிந்து என் முடிவுக்கு மாறாய் முடிவு செய்தால் முகம் சுளிப்பவன், என்னதான் கேட்க விரும்பினான்? அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. முடிவு அவருடையதாய் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

பிரட்டுக் கவலையை நான் பார்த்துக்கொண்டேன். மருத்துவ விடுப்புக்கு என்ன கடிதம், எந்தப் பாரம், எவரிடம் கையொப்பம் என்பதெல்லாம் என் மேசையிலேயே இருக்கும் விஷயம். உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே செய்திருப்பேன். இருபத்தைந்து நாளும் காலையில் ஐந்தரை மணிப் பேருந்து. கதிர் விழும் நேரம் சில நிமிடந்தான். போக வர ஐந்து மணி நேரம். மூன்றாம் வாரத்தில் தோல் வெந்தாற்போல் கறுத்தது. ஐந்து வாரம் ஆறவிட்டு 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அறுத்தார்கள். முதுகுப்புறமிருந்து தசையை எடுத்துத் தொடைக் குழியை மூடினார்கள். எடுத்த துண்டில், பழைய வடுவின் அடியில், சிறு கூடுகளாய்ப் புற்றணு மிஞ்சியிருந்தது. போதும் என்று எண்ணி வீட்டிலிருந்திருந்தால் அவைதாம் வளர்ந்திருக்கும். ஓரங்கள் இம்முறை சுத்தம்.

நூற்றுக்கு 35 என்று நான் படித்துக் காட்டிய கூட்டத்தில் தமக்கையாரும் சேர்ந்தார். புண் பிரிந்து மூன்றரை மாதம் நீர் வடிந்தது. எலுமிச்சம்பழக்காரிதான் நாள்தோறும் வந்து துணி அலசிக் கொடுத்தாள். அவளைப் பற்றி முன்னே எழுதியதை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். இருக்கட்டும், இதையும் சேர்த்து இருக்கட்டும்.

இப்போது அவர் நடக்கிறார். மாலையானால் கால் வீங்கும். இறுக்கமான நீளக் காலுறை போட்டுக்கொள்கிறார். குந்த முடியாது. மண்பை வேலை போய், கன்றுகளை நின்றபடி எண்ணிக் கொடுக்கும் வேலை. இந்நோய் திரும்புவதாயின் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள் திரும்புவதே மிகுதி என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொடையையும் மார்பையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் ஒரு வாரம் எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும்.

மூன்றாவது முறை போனபோது, பெயர் கூப்பிட்டதும் நான் வழக்கம்போல எழுந்தேன். “நீ உட்கார், தம்பி” என்றார். தாமே உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. பதினெட்டு ஆண்டு இந்தோனேசியத் தோழிகளோடு நாற்றுப் பண்ணையில் பேசிப் பழகிய மலாயில் அவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரும் அதே மலாயில் நிறுத்தி நிறுத்தி விடை சொன்னார். அந்த அறையில் மூன்றாவதாக ஒரு மொழி உண்டென்று எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை? ஒரு முறை டாக்டர் சிரித்த ஓசையும் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். நுரையீரல் படத்தில் ஒன்றுமில்லை, அடுத்த தேதி இது என்று சீட்டை என் கையில் கொடுத்து, “படிதாண்டி வருகிறது, பார்த்துப் பிடி” என்று என் தோளில் கை வைத்தார். நாங்கள் பேருந்து நிலையத்துக்கு இறங்கினோம்.